ஐந்து வயதான சொகுசு எஸ்யூவி: யார் சொல்வதை நம்புவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஐந்து வருடம் ஓடி, மீட்டரில் 78,000 கிலோமீட்டர் காட்டும் ஒரு நடுத்தர அளவு சொகுசு எஸ்யூவி, புதிதாக இருந்தபோது விற்ற விலையில் பாதிக்கும் குறைவாக உங்களுக்குக் கிடைக்கிறது. வைத்திருப்பவர்களிடம் விசாரித்திருக்கிறீர்கள். ஒருவர் "இதைவிட நல்ல வண்டி நான் ஓட்டியதே இல்லை" என்கிறார். இன்னொருவர் "காசைக் கரியாக்காதீர்கள்" என்கிறார். வண்டி நல்லதா, கெட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உண்மையில் குழப்புவது, ஒரே வண்டியைப் பற்றி இரண்டு பேர் எப்படி இவ்வளவு நேரெதிராகப் பேச முடியும் என்பதுதான். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்த வகை வண்டிகளைப் பத்தொன்பது வருடமாகப் பழுது பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில், அப்புறம் சொந்த ஒர்க்‌ஷாப்பில். என்னிடம் வருவதெல்லாம் நோயாளி வண்டிகள். ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடுகிற வண்டியின் சொந்தக்காரர் என் வாசலுக்கே வரமாட்டார். அதனால் எது எப்படிக் கெட்டுப்போகும் என்று உறுதியாகச் சொல்வேன். நூற்றில் எத்தனை வண்டி கெட்டுப்போகும் என்று கேட்டால் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கைத் தன் ஒர்க்‌ஷாப் அனுபவத்தை வைத்துச் சொல்லும் எந்த மெக்கானிக்கையும் நம்பாதீர்கள், நான் உட்பட.

சரி, விஷயத்துக்கு வருவோம். வண்டியைப் புகழ்ந்தவர் பெரும்பாலும் முதல் சொந்தக்காரராக இருப்பார், திட்டியவர் இரண்டாவது அல்லது மூன்றாவது சொந்தக்காரராக இருப்பார். போய் விசாரித்துப் பாருங்கள். முதல் சொந்தக்காரருக்கு வாரண்டி இருந்தது. ஏதாவது விளக்கு எரிந்தால் வண்டியை விட்டுவிட்டு மாற்று வண்டியை எடுத்துப்போவார், மூன்றாம் நாள் கழுவித் துடைத்துக் கையில் கொடுப்பார்கள், பில் தொகை பூஜ்யம். மூன்று நான்கு வருடத்தில் விற்றுவிட்டு அடுத்ததை வாங்கிவிடுவார். அவர் சொல்வது பொய்யே இல்லை, அவருக்கு அது நல்ல வண்டிதான். வாரண்டி முடிந்தபின் வாங்கியவருக்கு அதே வண்டியின் இரண்டாம் பாதி கிடைக்கிறது. ரப்பர் காய்ந்து பிளாஸ்டிக் நொறுங்க ஆரம்பிக்கும் பாதி அது. வண்டியின் விலை பாதியாகிவிட்டது, ஆனால் அதன் உதிரிபாகம் எதுவும் பாதி விலைக்கு இறங்கவில்லை. ஹெட்லைட் ஒன்று போனால் புது வண்டிக்காரர் என்ன விலை கொடுக்கிறாரோ அதே விலைதான் உங்களுக்கும். வண்டியைத் திட்டுகிறவர்களில் பலர் வாங்கும் விலைக்குத் தயாராக வந்தவர்கள், வைத்திருக்கும் செலவுக்குத் தயாராகாதவர்கள்.

புகழ்ச்சியையும் ஒதுக்கிவிட வேண்டாம். இந்த வகை வண்டி பிறந்த கதையிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. 1997இல் வந்த முதல் மெர்சிடிஸ் எம்-கிளாஸ், லாரி மாதிரி தனி இரும்புச் சட்டத்தின் (சேஸிஸ்) மேல் உட்கார்ந்த வண்டி. 1998இல் லெக்ஸஸ் ஆர்எக்ஸ், 1999இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5, 2002இல் வால்வோ எக்ஸ்சி90 என்று அடுத்து வந்தவை தனிச் சட்டத்தை விட்டுவிட்டு, கார் மாதிரி உடலும் சட்டமும் ஒன்றாகச் செய்யப்பட்டன. மெர்சிடிஸும் 2005இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அந்தப் பக்கம் வந்துவிட்டது. உயரமாக உட்கார வேண்டும், ஆனால் கார் போல ஓட வேண்டும் என்கிற ஆசைக்கு இந்த வண்டிகள் நன்றாகவே பதில் சொல்கின்றன. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கினால் முதுகு வலிக்காது. உள்ளே தாழ்ந்த குரலில் பேசலாம். எக்ஸ்5இன் பின்கதவு இரண்டு துண்டாகத் திறக்கும். கீழ்த்துண்டைப் பெஞ்சு மாதிரி விரித்து அதில் உட்கார்ந்துகொண்டு ஷூ மாட்டுவதற்காகவே அந்த வண்டியை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். இந்தச் சுகங்கள் ஐந்து வருடம் கழித்தும் குறையாது. ஆனால் அந்தச் சுகத்தைத் தருகிற பாகங்கள்தான் தேய்கின்றன.

ஏர் சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பைதான் வண்டியைத் தாங்குகிறது. பையின் அடிப்பகுதி மடிந்து உருளும் இடத்தில் மணலும் சேறும் சேர்ந்து, வருடக்கணக்கில் அரைத்து, மயிரிழை விரிசல் விடும். முதலில் ஒன்றும் தெரியாது. காலையில் வந்து பார்த்தால் ஒரு மூலை மட்டும் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரஸர் 'உர்ர்' என்று ஓடித் தூக்கிவிடும். "அதான் தூக்கிவிட்டதே" என்று சொந்தக்காரர் கிளம்பிவிடுவார். அங்கேதான் தப்பு நடக்கிறது. அவ்வப்போது கொஞ்ச நேரம் மட்டும் ஓட வேண்டிய கம்ப்ரஸர், ஓட்டைப் பைக்குக் காற்று அடைத்து அடைத்துச் சூடேறி, சில மாதத்தில் அதுவும் போய்விடும். ஒரு பையோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, பை, கம்ப்ரஸர், அதன் ரிலே என்று மூன்றாகிவிடும். கம்ப்ரஸர் எரிந்து வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நான் முதலில் சோப்புத் தண்ணீரைத்தான் தெளிப்பேன். எங்காவது ஒரு பையில் குமிழி வரும். அதைக் கண்டுபிடிக்காமல் புதுக் கம்ப்ரஸர் மாட்டினால் அதுவும் சீக்கிரம் எரியும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. கியர் ஆயில் ஆயுள் முழுக்கப் போதும், மாற்றவே வேண்டாம் என்று பல கார் கம்பெனிகளின் சர்வீஸ் அட்டவணையில் இருக்கும். பிஎம்டபிள்யூ, ஆடி என்று பல பேருக்கு எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைச் செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமோ, 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவன் பேச்சைத்தான் நான் கேட்பேன். இதில் ஃபில்டர் தனியாக வராது, அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டோடு சேர்ந்தே இருக்கும், தட்டையே மாற்ற வேண்டும். ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி மட்டமாக நிற்க, அளவு பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் குளிர்ந்த ஆயிலில் அளவு பார்த்து மூடிவிட்ட வண்டிகள் வந்திருக்கின்றன. நீங்கள் பார்க்கும் வண்டி 78,000இல் இருக்கிறது. அதாவது இந்த வேலையின் வாசலில் நிற்கிறது. முன்னவர் செய்திருக்க வாய்ப்பு குறைவு, செலவு உங்கள் கணக்கில்தான் விழும்.

இப்போது ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம், இந்தத் தொந்தரவு எல்லோரிடமும் உண்டு. ஒருவர் வந்து, பின்பக்கக் கண்ணாடி தானாக இறங்குகிறது, சில நாள் டிக்கி திறப்பதில்லை, சாவியை அடையாளம் தெரியவில்லை என்கிறது என்றார். இரண்டு இடத்தில் பார்த்து ஒரு சுவிட்சும் ஒரு கதவு மோட்டாரும் மாற்றியாகிவிட்டது. வண்டியின் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டும் முன் நான் டிரைவர் பக்க மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்தினேன். மேலே காய்ந்துதான் இருந்தது. அழுத்தியதும் விரலிடுக்கில் தண்ணீர் வந்தது. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சு ஊறிப்போய், கண்ணாடி, டிக்கி, பூட்டு எல்லாவற்றையும் இயக்கும் மின்னணுக் கன்ட்ரோல் பெட்டி பக்கத்திலேயே இருந்தது, அதன் மின்னிணைப்புப் பின்களில் பச்சை பூத்திருந்தது. தண்ணீர் மேலிருந்து வந்தது. பனோரமிக் சன்ரூஃப், அதாவது கூரையில் இருக்கும் பெரிய கண்ணாடித் திறப்பு, தண்ணீரே புகாதபடி மூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீர் ரப்பரைத் தாண்டி உள்ளே வரும், சுற்றியுள்ள பள்ளத்தில் விழுந்து, நான்கு மூலையிலும் இருக்கும் மெல்லிய குழாய் வழியாகத் தூணுக்குள் இறங்கி வெளியே போய்விடும். அதுதான் வடிவமைப்பு. அந்தக் குழாயை இலைத் துகளும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்பக்கம் வழியும். அந்த வண்டியில் குழாயின் அடிமுனையில் கறுப்புக் களிமண் மாதிரி ஒரு கட்டி, பட்டாணி அளவுதான் இருந்தது. அதை எடுக்கப் பத்து நிமிடம் ஆனது. கார்ப்பெட்டைக் கழற்றி, பஞ்சைக் காயவைத்து, பெட்டியை மாற்றி, புதுப் பெட்டியை அந்த வண்டிக்கு ஏற்றபடி கம்ப்யூட்டரில் கோடிங் செய்து முடிக்க ஒன்பது நாள். அந்தச் சொந்தக்காரர் இன்று வரை அந்தப் பிராண்டைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நீங்கள் கருத்துக் கேட்டால் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை கூரைப் பள்ளத்தில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்தால் போதும். காற்றடித்து ஊத வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடும்.

டயர் பற்றிச் சுருக்கமாக. நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் நான்கு டயரும் ஒரே ரகமாக, ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு புதியது, இரண்டு மொட்டை என்று ஓட்டினால் சக்கரங்களின் சுற்றளவு மாறி, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டிக்குள் இருக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். மெதுவாக வளைக்கும்போது வண்டி அதிர்ந்தால் அதைச் சந்தேகியுங்கள். சில வண்டிகளில் பின் டயர் முன்னதைவிட அகலமாக இருக்கும், அவற்றை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. ரன்-ஃப்ளாட் டயர் பஞ்சரானால் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் 80 கிலோமீட்டர் வரை போகலாம் என்பார்கள். நல்ல வசதிதான். ஆனால் அந்தக் கெட்டியான பக்கச்சுவர் பள்ளத்தின் அடியை அப்படியே ரிம்முக்குக் கொடுக்கும். "வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்று சொந்தக்காரர்கள் சொல்லும் புகாரில் பாதி, சஸ்பென்ஷனைப் பற்றியதே இல்லை. 21 அங்குல ரிம்மும் மெலிந்த டயரும் செய்யும் வேலை அது. வாங்கும்போது தேர்வு இருந்தால் சின்ன ரிம்மை எடுங்கள், அழகு கொஞ்சம் குறையும்.

இன்ஜினில் பெட்ரோலா டீசலா என்பதை உங்கள் ஓட்டம் முடிவு செய்யட்டும். தினமும் ஐந்து கிலோமீட்டர் போய்ப் பள்ளி வாசலில் நிறுத்தித் திரும்புகிற வீட்டில் நவீன டீசல் நிம்மதியாக இருக்காது. புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அந்தக் கரியை எரித்துத் தீர்க்க நல்ல சூடும் தொடர்ந்த ஓட்டமும் வேண்டும். பாதியில் நிறுத்தி நிறுத்தி வைத்தால் ஃபில்டர் அடைக்கும், எரிக்கத் தெளித்த டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல். டீசல் புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் ஆட்புளூ திரவத்தையும் மறந்துவிடக் கூடாது. அது 32.5 சதவீத யூரியாக் கரைசல். தீர்ந்தால் வண்டி எச்சரித்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்தியபின் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு டீசல் அருமை. டர்போ பெட்ரோலில் ஆயில் கசிவும் குளிரூட்டும் பகுதியின் பிளாஸ்டிக்கும்தான் என் அன்றாட வேலை. வால்வு மூடியின் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் கூட்டின் கேஸ்கெட், தெர்மோஸ்டாட் கூடு, தண்ணீர்ப் பம்பு. இன்ஜினுக்குள் அடைபட்ட சூடு இவற்றை வேகவைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, கடைசியாக ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை போதும் என்று கம்பெனிகள் சொல்லும் இடைவெளி, குத்தகைக்கு எடுத்து மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுப்பவருக்குச் சரி. பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவர் 10,000 கிலோமீட்டரில் மாற்றுவது நல்லது. இது என் கருத்து, நிரூபணம் கேட்டால் நான் திறந்து பார்த்த இன்ஜின்களைத்தான் காட்ட முடியும்.

பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2005இல் லெக்ஸஸ் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 400எச் முதல் அந்த வரிசை வண்டிகளில் வழக்கமான ஸ்டார்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, படிப்படியாக மாறும் கியரும் இல்லை. நான்கு சக்கர விசை உள்ளவற்றில் பின்சக்கரங்களுக்குத் தனி மின்மோட்டார், நடுவில் நீளமான தண்டு கிடையாது. இல்லாத பாகம் பழுதாகாது. ஓட்டுவதில் எனக்கு அது கொஞ்சம் சலிப்பாகத் தோன்றும், அது வேறு விஷயம். பின் சீட்டுக்கு அருகில் இருக்கும் காற்றுத் துளையை நாய் முடியும் துணியும் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பேட்டரி குளிர்வது அந்த வழியாகத்தான். முழு மின்சார வண்டிகள் என் கைக்கு அதிகம் வராததால் அவற்றில் வாய் திறக்கவில்லை.

மின்னணுத் தொந்தரவுகளில் பாதிக்குக் காரணம் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது தளர ஆரம்பித்ததும் வண்டி முதலில் செய்வது, சிக்னலில் இன்ஜினை நிறுத்தும் வசதியைச் சத்தமில்லாமல் கைவிடுவது. அப்புறம்தான் திரையில் சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக வரும். சென்சார் ஒவ்வொன்றாக மாற்றுவதற்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். புதிது மாட்டினால், பல வண்டிகளில் அதை ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கிழட்டுப் பேட்டரிக்குக் கொடுத்த அளவில் புதியதற்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

உங்கள் வண்டிக்கு வருவோம். விற்பவரிடம் முந்தைய இரவே மட்டமான தரையில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், காலையில் நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனதும் நான்கு சக்கரத்திலும் நடு அச்சிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், இடதும் வலதும் ஒத்துப்போக வேண்டும். இன்ஜின் சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். எல்லா மிதியடியையும் தூக்கிக் கார்ப்பெட்டை அழுத்துங்கள், டிக்கியின் அடிப்பலகையையும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. நான்கிலும் பாருங்கள். அப்புறம் ஒரு தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய் எல்லாக் கன்ட்ரோல் பெட்டிகளையும் ஸ்கேன் செய்யுங்கள். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை என்று வந்தால் நான் இன்னும் உஷாராவேன். இன்ஜின் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகள் முடிந்துவிட்டனவா என்று அதே ஸ்கேனரில் பார்க்கலாம். 'முடியவில்லை' என்று வரிசையாகக் காட்டினால், யாரோ சமீபத்தில் பிழைகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். "நேற்றுதான் பேட்டரி மாற்றினோம்" என்று சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வழியில்லையென்றால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள். நேர்மையானவர் முகம் மாறாது.

வாங்கலாமா? ஒழுங்கான சர்வீஸ் பில் கட்டு இருந்து, மேலே சொன்ன சோதனையில் தேறினால், நானாக இருந்தால் வாங்குவேன். ஆனால் வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டுதான் வாங்குவேன். முதல் வருடத்திலேயே கியர் ஆயில், விசை பிரிக்கும் பெட்டியின் ஆயில், பிரேக் திரவம், அநேகமாக ஒரு செட் டயர், ஒரு பேட்டரி என்று அது கரையும். அந்தப் பங்கு இல்லாமல் முழுப் பணத்தையும் வண்டியிலேயே போட வேண்டியிருந்தால், ஒரு படி கீழே இறங்கி, புதிய சாதாரண எஸ்யூவியைப் பாருங்கள். பில் கட்டு இல்லை, "நண்பரிடம்தான் சர்வீஸ் விட்டேன், எல்லாம் சரியாக இருக்கு" என்று மட்டும் சொன்னால் விலை எவ்வளவு இறங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். பில்லைப் படம் எடுத்துப் போட முடிந்தால் போடுங்கள், கடைசி மூன்று ஆயில் மாற்றத்தின் தேதியும் கிலோமீட்டரும் தெரிந்தால் இதைவிடத் தெளிவாகச் சொல்வேன்.